ஒரு போல்ட்டுக்குள் எத்தனை கிலோ கரி?

கேள்வி: ஒரு வாசகர், 9 ஜூன் 2024

ஐரோப்பாவில் கார்பன் வரி வருகிறது என்று ஆளாளுக்குப் பேசுகிறார்கள். என் கணக்குப்படி இது பெரிய இரும்பு ஆலைகளின் தலைவலி. கோயம்புத்தூரில் கணபதியிலும் குறிச்சியிலும் நாலு லேத் போட்டுப் பிழைக்கிறவனுக்கு இதில் என்ன இருக்கிறது? சும்மா பயமுறுத்துகிறார்கள். நேரில் பட்டவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

11 ஜூன் 2024

நேரில் பட்டவன் நான். எங்களுடையது சின்னப் பட்டறைதான். ஸ்டட், போல்ட், நட் செய்கிறோம், மாதம் 20 டன் போகும். அதில் பாதிக்கு மேல் ஐரோப்பாவுக்கு. நேராக அனுப்புவதில்லை, ஒரு ஏஜென்ட் வழியாகப் போகிறது.

போன ஜனவரியில், பொங்கல் முடிந்த வாரம், ஏஜென்ட் ஒரு எக்செல் ஷீட் அனுப்பினார். திறந்தால் ஷீட்டுக்குள் ஷீட்டாக வருகிறது. மஞ்சள் கட்டங்களில் எண் போட வேண்டும். ஒரு டன் போல்ட் செய்ய எத்தனை டன் கரியமில வாயு வெளியே போனது என்பதுதான் மொத்தக் கேள்வி. 22 வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். ஒரு கிலோ போல்ட்டுக்கு ராடு என்ன விலை, கூலி என்ன, பிளேட்டிங் என்ன என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். புகைக்குக் கணக்கு கேட்டு யாரும் வந்ததில்லை. ஹீட் ட்ரீட்மென்ட்டில் இருக்கும் தம்பி, "அண்ணா, புகையை எடை போட்டா அனுப்பணும்?" என்று கேட்டான். அவன் கேட்டதில் தப்பே இல்லை, எனக்கும் அதே சந்தேகம்தான்.

விஷயம் இதுதான். ஐரோப்பாவில் இரும்பு ஆலைகள் தாங்கள் விடும் கரியமில வாயுவுக்கு, சுருக்கமாகக் கரிக்கு, விலை கொடுக்க வேண்டும். அந்தக் கார்பன் சந்தை 2005-லேயே தொடங்கிவிட்டது. வெளியே இருந்து வரும் இரும்பு அந்த விலை இல்லாமல் உள்ளே நுழைந்தால், ஆலைகள் ஐரோப்பாவை விட்டு ஓடிவிடும், புகை குறையாது, இடம் மட்டும் மாறும். அதனால் எல்லையிலேயே அதே விலையை வாங்குவது என்று முடிவு செய்தார்கள். சட்டம் 2023 மே மாதம் அமலுக்கு வந்தது. இரும்பு எஃகு, அலுமினியம், சிமென்ட், உரம், ஹைட்ரஜன், மின்சாரம் ஆகியவை இப்போதைக்கு உள்ளே. எல்லையில் கரிக்கு விலை வாங்கும் இந்த முறையைச் சுருக்கமாக சிபாம் (CBAM) என்கிறார்கள்.

போல்ட்டும் நட்டும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. அதனால் கணபதிக்கும் குறிச்சிக்கும் சம்பந்தம் உண்டு.

11 ஜூன், இரவு

மேலே எழுதியதில் ஒரு திருத்தம். படிக்கிறவர்கள் இப்போதே வரி பிடிக்கிறார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. 2023 அக்டோபர் 1 முதல் 2025 டிசம்பர் 31 வரை கணக்கு கொடுத்தால் போதும், காசு இல்லை. காசு 2026 இறக்குமதியிலிருந்து. அதையும் கட்டுவது அங்கே இறக்குமதி செய்கிறவர், நான் இல்லை. ஆனால் அவர் கட்டுவதை யார் தலையில் இறக்குவார் என்பது வியாபாரம் செய்கிற எல்லோருக்கும் தெரியும்.

19 ஜூன் 2024

எந்தப் பொருள் உள்ளே, எது வெளியே என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். ஷிப்பிங் பில்லில் இருக்கும் எச்.எஸ். கோடை, அதாவது சுங்கத்தில் பொருளுக்குக் கொடுக்கும் எண்ணை, பாருங்கள். 7318 போல்ட், நட், ஸ்க்ரூ: உள்ளே. 7307 பைப் ஃபிட்டிங்: உள்ளே. 7326 என்று "இதர இரும்புப் பொருட்கள்" போகிறதே, அதுவும் உள்ளே. ஆனால் 7325, அதாவது இதர வார்ப்படப் பொருட்கள், பட்டியலில் இல்லை. பம்ப் செட் போகிற 8413-ம் இல்லை.

இதில் ஒரு விசித்திரம் பாருங்கள். என் நண்பர் ஃபவுண்டரி வைத்திருக்கிறார். ஒரே உலையில் உருக்கிய இரும்பில் சாக்கடை மூடியும் வார்க்கிறார், பைப் ஃபிட்டிங்கும் வார்க்கிறார். மூடிக்குக் கணக்கு வேண்டாம், ஃபிட்டிங்குக்கு வேண்டும். புகை ஒன்றுதான். கோடு எங்கேயாவது போட்டுத்தான் ஆக வேண்டும் என்பது புரிகிறது, ஆனாலும் அவருக்கு அதை விளக்க எனக்கு அரை மணி நேரம் ஆனது.

6 ஜூலை 2024

கணக்கு போட்டுவிட்டேன். ஒரு கன்சல்டன்ட் ஒன்றரை லட்சம் கேட்டார். அந்தக் காசுக்கு ஒரு மாதச் சம்பளம் கொடுத்துவிடலாம் என்று நானும் மகளும் ராத்திரி உட்கார்ந்து நாமே போட்டோம். அவள் பி.காம். இரண்டாம் வருஷம், எக்செல் அவள் கை.

முதலில் எங்கள் சொந்தப் புகை. ஹீட் ட்ரீட்மென்ட் உலைக்கு மாதம் 40 சிலிண்டர், ஒவ்வொன்றும் 19 கிலோ. மொத்தம் 760 கிலோ எல்.பி.ஜி. ஒரு கிலோ எரித்தால் சுமார் 3 கிலோ கரியமில வாயு. ஆக 2,280 கிலோ. அதை 20 டன் போல்ட்டுக்குப் பிரித்தால் டன்னுக்கு 114 கிலோ. இவ்வளவுதானா என்று சந்தோஷப்பட்டோம்.

அப்புறம்தான் ராடு. நாங்கள் வாங்கும் ராடு மில்லில் உருகி, உருண்டு வரும்போது விட்ட புகையும் எங்கள் போல்ட்டின் கணக்கில் ஏறும். மில்லில் எண் கேட்டேன், கிடைக்கவில்லை. இந்தியாவின் சராசரி டன் எஃகுக்கு இரண்டரை டன்னை ஒட்டி, உலகச் சராசரி இரண்டுக்குக் கொஞ்சம் கீழே. நான் 2.3 என்று வைத்துக்கொண்டேன். ஒரு டன் போல்ட்டுக்கு 1.12 டன் ராடு எடுக்கிறோம், மீதி டர்னிங் ஸ்க்ராப்பும் துண்டும். ஸ்க்ராப்புக்குப் பங்கு கிடையாது, முழுச் சுமையும் போல்ட் மேல்தான். 1.12-ஐ 2.3-ஆல் பெருக்கினால் 2.58. எங்கள் 0.11-ஐயும் சேர்த்தால் 2.69 டன்.

ராத்திரி பதினொரு மணிக்கு அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நூற்றில் நான்கு பங்குதான் என் பட்டறையில் நடந்தது. மீதி 96 என் வாசலுக்கு வருவதற்கு முன்பே நடந்து முடிந்துவிட்டது. ஆனால் ஷீட்டை நிரப்பி அனுப்ப வேண்டியவன் நான். சங்கிலியின் கடைசிக் கண்ணியில் இருக்கிறவனிடம், மேலே இருக்கிறவன் புகைக்குக் கணக்கு கேட்கிறார்கள். கொள்கை சரி, நோக்கம் சரி. ஆனால் மில் எண் கொடுத்தாக வேண்டும் என்று ஒரு கட்டாயம் இல்லாமல் சின்னவன் என்ன செய்வான்? இந்த விஷயத்தில் எனக்கு இருக்கும் ஒரே பெரிய குறை இதுதான்.

7 ஜூலை

காலையில் எழுந்ததும் ஒன்று தோன்றியது. 1.12 என்பது என் கையில் இருக்கிற எண். அது 1.08 ஆனால் டன்னுக்கு 92 கிலோ குறையும். எல்.பி.ஜி.யை முழுக்க நிறுத்தினாலும் 114 கிலோதான் குறையும். ராடை எந்த நீளத்தில் வெட்டுகிறோம் என்பதில் இவ்வளவு இருக்கிறது. ஸ்க்ராப்பைக் காசாகத்தான் இத்தனை வருஷம் பார்த்தேன். விற்றால் வருகிறதே, போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

2 ஆகஸ்ட் 2024

மில்லில் ஆறாவது முறை கேட்டாயிற்று. "டெஸ்ட் சர்டிஃபிகேட் கொடுத்தோமே" என்கிறார்கள். அதில் கார்பன் இருக்கிறது, சத்தியம். எஃகுக்குள் இருக்கும் கார்பன் சதவீதம்! நான் கேட்பது வேறு கார்பன் என்று சொன்னால் போனை வேறு ஆளுக்கு மாற்றுகிறார்கள்.

ஜூலை 31 வரை, எண் கிடைக்காவிட்டால் ஐரோப்பிய ஆணையம் வெளியிட்ட பொது எண்ணைப் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டிருந்தார்கள். இனி அந்தச் சலுகை பெரும்பாலும் இல்லை. ஏஜென்டிடம் உள்ளதை உள்ளபடி சொன்னேன்: மில்லுக்கு எழுதிய ஆறு மெயிலையும் இணைத்து அனுப்பினேன். "கேட்டதற்கு ஆதாரம் இருக்கிறது, அது போதும் இப்போதைக்கு" என்றார். கேட்டதை எழுத்தில் கேளுங்கள், போனில் மட்டும் கேட்காதீர்கள்.

14 செப்டம்பர் 2024

காற்றாலை வைத்திருப்பவர்களுக்குக் கவலை இல்லையே என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நானும் அப்படித்தான் நம்பினேன். ஃபவுண்டரி நண்பருக்கு உடுமலைப் பக்கம் ஒரு பழைய காற்றாலை இருக்கிறது. ஆடிக் காற்றில் ஓடுகிற கரண்டை வைத்துத்தான் வருஷத்தில் பல மாதம் உலையை ஓட்டுகிறார். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று நமக்குக் கடவுள் கொடுத்தது. பல்லடம், உடுமலை வழியாகப் போனால் எத்தனை இறக்கைகள் சுற்றுகின்றன! நாம்தான் முதலில் தயாராக இருக்கிறோம் என்று நினைத்தேன்.

விதியைப் படித்தால் வயிறு எரிகிறது. இரும்புக்கும் அலுமினியத்துக்கும் நேரடிப் புகைக்கு மட்டும்தான் காசு. கரண்ட் எங்கிருந்து வந்தது என்பது விலையில் சேராது. நிலக்கரிக் கரண்டில் உருக்கினாலும் காற்றுக் கரண்டில் உருக்கினாலும் ஒரே கணக்கு. நண்பர் முதலீடு போட்டது வீண் என்று அவரிடமே சொல்லிவிட்டேன்.

16 செப்டம்பர்

வீண் என்று சொன்னது தப்பு, அவரிடமும் திருத்திவிட்டேன். பத்து வருஷத்துக்கு முன்னால் அவர் குபோலா உலையில் கோக், அதாவது சுட்ட நிலக்கரி, எரித்துக்கொண்டிருந்தார். கோக் புகை நேரடிப் புகை, முழுக்கக் கணக்கில் ஏறும். இன்டக்‌ஷன் ஃபர்னஸுக்கு, அதாவது கரண்ட் உலைக்கு, மாறியதால் அது போய்விட்டது. மாறும் தைரியம் காற்றாலை இருந்ததால்தான் அவருக்கு வந்தது, கரண்ட் பில்லுக்குப் பயந்து இன்னும் கோக்கில் இருப்பவர்கள் இருக்கிறார்கள். ஆக, காற்றுக்கு மதிப்பெண் இல்லை, காற்றை நம்பி எடுத்த முடிவுக்கு உண்டு. தவிர, இப்போதைய அறிக்கையில் கரண்ட் கணக்கையும் தனியாகக் கேட்கிறார்கள். பெரிய பயர்கள், அதாவது வாங்குகிறவர்கள், அவர்களுடைய சொந்தக் கேள்வித்தாளிலும் கேட்கிறார்கள்.

இன்னொன்று: ஸ்க்ராப்பை உருக்கினால் அந்த ஸ்க்ராப்புக்கு முன்கணக்கு சுழியம். அப்படியானால் ஸ்க்ராப்பிலிருந்து வந்த ராடு வாங்கலாமே? எனக்கு முடியாது. ஹை டென்சைல் ஸ்டட்டுக்குப் பாதி பயர்கள் ஸ்க்ராப் வழி வேண்டாம் என்று டிராயிங்கிலேயே எழுதுகிறார்கள், செம்பு மாதிரி வேறு உலோகம் கலந்துவிடும் என்ற பயம். அதே பயர் கரி குறைவாக வேண்டும் என்றும் மெயில் போடுகிறார். இரண்டு மெயிலும் என் இன்பாக்ஸில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன.

3 நவம்பர் 2024

தலைப்பை விட்டுக் கொஞ்சம் விலகுகிறேன். ஒருவர் "சுற்றுச்சூழல் என்ற பேரில் தொழிலை அழிக்கிறார்கள், திருப்பூரைப் பார்" என்றார். திருப்பூரை நான் பக்கத்தில் இருந்து பார்த்தவன். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது என் மைத்துனர் வேலையிழந்து எங்கள் வீட்டில் மூன்று மாதம் இருந்தார். அந்த வலி தெரியும். ஆனால் அதற்கு முன்னால் நொய்யல் எப்படி ஓடியது என்பதும் தெரியும். கீழே ஒரத்துப்பாளையம் அணையில் பாசனத்துக்குக் கட்டிய தண்ணீரை விவசாயிகளே வேண்டாம் என்றார்கள். அந்த ஊர் அழிந்துவிடவில்லை, சாயத் தண்ணீரைச் சுத்தம் செய்து திரும்பப் பயன்படுத்தக் கற்றுக்கொண்டது.

ஆனால் கடைசித் துளிவரை தண்ணீரைப் பிரிக்க ஆவியாக்க வேண்டும். அதற்கு பாய்லர், பாய்லருக்கு விறகோ நிலக்கரியோ. ஆற்றைக் காப்பாற்றினோம், புகை கூடியது. நாளைக்குத் துணிக்கும் கரிக்கணக்கு வந்தால், நல்லது செய்ததற்காகவே அவர்கள் கூடுதலாகக் கட்ட வேண்டி வரும். சட்டம் போடுகிறவர்கள் ஒரு பக்கத்தை மட்டும் பார்த்தால் இப்படித்தான் ஆகும்.

3 நவம்பர், மாலை

"பருவநிலையாவது ஒன்றாவது" என்று கீழே எழுதியவருக்கு மட்டும். போன ஏப்ரலில் எங்கள் ஷெட்டில் உலைப் பக்கம் நின்ற தம்பி மயங்கி விழுந்தான். சிமென்ட் ஷீட் கூரை, மதியம் இரண்டு மணி. அப்புறம் உலை வேலையை விடியற்காலை நாலு மணிக்கு மாற்றினோம், இன்னும் அப்படித்தான். கோயம்புத்தூருக்கு ஃபேன் வேண்டாம் என்று சொல்லிச் சொல்லி வளர்ந்தவன் நான். எனக்கு இதில் சந்தேகம் இல்லை. யார் எவ்வளவு சுமப்பது என்பதில்தான் பேச்சு.

20 டிசம்பர் 2024

நம் எஃகு அமைச்சகம் இந்த மாதம் பச்சை எஃகுக்கு வரையறை வெளியிட்டிருக்கிறது. ஒரு டன் எஃகுக்கு வெளியாகும் கரியமில வாயு 2.2 டன்னுக்குக் கீழே இருந்தால் பச்சை. 1.6-க்கும் கீழே ஐந்து நட்சத்திரம், 2.0 வரை நான்கு, 2.2 வரை மூன்று. எனக்கு நட்சத்திரம் முக்கியமில்லை. சான்றிதழ் வேண்டுமென்றால் மில் அளந்தே ஆக வேண்டும், அளந்தால் எனக்கும் எண் வரும். அந்த நம்பிக்கை.

1 மார்ச் 2025

நல்ல செய்தி! வருஷத்துக்கு 50 டன்னுக்குள் இருந்தால் சிபாம் கிடையாது என்று ஐரோப்பிய ஆணையம் முன்மொழிந்திருக்கிறது. அது போக, 2026-ல் இரண்டரை சதவீதம்தான் வசூல். என் 2.7 டன்னுக்கு, கரி விலை 75 யூரோ என்று வைத்தால் டன் போல்ட்டுக்கு 5 யூரோ. கிலோவுக்கு 48 பைசா. இதற்கா இத்தனை பயந்தோம்? ஏஜென்டுக்கும் சொல்லிவிட்டேன்.

9 ஏப்ரல் 2025

மார்ச் 1-ல் எழுதியது இரண்டும் தப்பு. படித்துவிட்டு யாராவது விலை கொடுத்திருந்தால் மன்னிக்க வேண்டும், உடனே மாற்றுங்கள்.

முதல் தப்பு: 50 டன் என்பது இறக்குமதி செய்கிறவரின் கணக்கு. உலகம் முழுவதிலிருந்தும் அவர் கொண்டுவரும் சிபாம் பொருட்களின் மொத்த எடை அது. நான் அவருக்கு 5 டன் அனுப்பினாலும், அவர் மற்ற இடங்களிலிருந்து 500 டன் வாங்கினால் என் 5 டன்னும் உள்ளே. சின்னவனைக் காப்பாற்றும் வரம்பு என்று நினைத்தேன். காப்பாற்றுகிறது, அங்கே இருக்கிற சின்னவனை.

இரண்டாவது தப்பு பெரிது. 2.5 சதவீதம் என் புகையில் இல்லை. ஐரோப்பிய ஆலைகளுக்கு, இவ்வளவு கரி வரை காசு கட்ட வேண்டாம் என்று தரும் இலவச ஒதுக்கீட்டில் 2026-ல் 2.5 சதவீதம் குறைகிறது. அந்த இலவசம் நல்ல ஆலை ஒன்றின் அளவுகோலை வைத்துத்தான் தரப்படும். அளவுகோல் இன்னும் வரவில்லை, 1.5 என்று வைத்துப் பார்த்தேன். அதில் 97.5 சதவீதம், அதாவது 1.46, அவர்களுக்குப் போலவே நமக்கும் கழியும். என் 2.7-ல் 1.46 போக 1.24 டன்னுக்குக் காசு. 75 யூரோவில் 93 யூரோ. ஒரு யூரோ 95 ரூபாய் என்றால் டன்னுக்கு சுமார் 8,800 ரூபாய். கிலோவுக்குக் கிட்டத்தட்ட 9 ரூபாய்!

48 பைசா எங்கே, 9 ரூபாய் எங்கே. இந்த வேலையில் கிலோவுக்கு எனக்கு மிஞ்சுவதே அதைச் சுற்றித்தான். 2034-ல் இலவசம் முழுக்கப் போனால் அதே கணக்கில் கிலோவுக்கு 19 ரூபாய் வரும். அளவுகோலுக்கு மேலே இருக்கும் ஒவ்வொரு கிலோ கரிக்கும் முதல் நாளிலிருந்தே முழு விலை, இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மகள்தான் கண்டுபிடித்தாள், "அப்பா, சதவீதத்தைத் தப்பான எண்ணோடு பெருக்கியிருக்கிறீர்கள்" என்று.

11 ஏப்ரல்

ஆமாம், மேலே ஒருவர் கேட்டது நியாயமான கேள்வி: இந்தியாவில் ஒரு ஆளுக்கு வருஷம் இரண்டு டன் கரிதான், ஐரோப்பாவில் அதைப் போல சுமார் மூன்று மடங்கு, நம்மிடம் ஏன் வாங்க வேண்டும்? எனக்கும் மனசு ஆறவில்லை. வாங்கிய காசில் ஒரு பங்கையாவது பட்டறைகளின் உலையை மாற்றத் திருப்பித் தரலாம். நம் ஊரிலேயே கரிக்கு விலை கட்டியிருந்தால் அதைக் கழித்துக்கொள்ளலாம் என்று விதி சொல்கிறது. அந்தக் காசு டெல்லியில் விழுந்தால் மேல், நமக்கு ரோடாவது வரும். ஆனால் நம் கார்பன் சந்தை 2023-ல் அறிவிப்போடு இருக்கிறது, வாங்கல் விற்றல் இன்னும் தொடங்கவில்லை.

26 அக்டோபர் 2025

50 டன் வரம்பு சட்டமாகிவிட்டது. 2026 இறக்குமதியின் கரிக்காக இறக்குமதி செய்கிறவர் காசு கொடுத்து வாங்க வேண்டிய சிபாம் சான்றிதழின் விற்பனை 2027 பிப்ரவரியில், கணக்கு முடிப்பது 2027 செப்டம்பருக்குள். ஏஜென்ட் புது ஆர்டரில் ஒரு வரி சேர்த்திருக்கிறார்: கரிச் செலவு பாதி உங்களுக்கு, பாதி எங்களுக்கு. நான் கையெழுத்துப் போடவில்லை. உண்மையான எண் வந்த பிறகு பேசலாம் என்றேன். சரி என்றார்.

இன்னொரு செய்தி. நிலக்கரிக்கு டன்னுக்கு 400 ரூபாய் செஸ் கட்டிக்கொண்டிருந்தோமே, செப்டம்பர் 22 முதல் அது இல்லை, ஜி.எஸ்.டி. 5-லிருந்து 18 ஆகிவிட்டது. 2010-ல் தூய எரிசக்திக்கு என்று 50 ரூபாயில் தொடங்கிய செஸ். அந்தப் பெயரிலேயே இருந்திருந்தால் இதைக் காட்டிக் கழிவு கேட்டு வாதாடவாவது ஒரு இடம் இருந்திருக்கும். நம் ஆட்கள் அதை யோசித்தார்களா என்று தெரிந்துகொள்ள ஆசை.

உலை மாற்ற நினைப்பவர்களுக்கு: எரிசக்தித் திறன் பணியகத்தின் திட்டத்தில் குறு, சிறு நிறுவனங்களுக்கு வட்டியில் 5 சதவீதம் குறைகிறது, நடுத்தரத்துக்கு 3. ஜூலையில் தொடங்கியது. நான் விண்ணப்பம் வாங்கி வைத்திருக்கிறேன்.

18 டிசம்பர் 2025

நேற்று இன்னும் 180 பொருட்கள் வரை சேர்க்க ஆணையம் முன்மொழிந்திருக்கிறது. இன்னும் சட்டமாகவில்லை. எஃகு அதிகம் போகும் எந்திரப் பாகங்கள் செய்பவர்கள் இப்போதே கோடைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

29 டிசம்பர் 2025

மில்லிலிருந்து எண் வந்துவிட்டது. ஒன்றரை வருஷம், பதினேழு மெயில். ஹீட் நம்பரோடு, அதாவது எந்த உருக்கில் வந்த எஃகு என்ற எண்ணோடு, சேர்த்து ஒரே பக்கம், நேரடிப் புகை டன்னுக்கு 2.4. நான் வைத்திருந்த 2.3-ஐவிடக் கொஞ்சம் அதிகம்.

நம் பக்கம்: வெட்டும் நீளத்தை மாற்றியதில் 1.12 இப்போது 1.09. உலையை முழு லோடு சேர்ந்த பிறகே பற்ற வைப்பதால் 40 சிலிண்டர் 32 ஆனது, டன்னுக்கு 0.09. 1.09-ஐ 2.4-ஆல் பெருக்கி 0.09-ஐக் கூட்டினால் 2.7. மில் ஏற்றியதை நாங்கள் இறக்கியிருக்கிறோம், நின்ற இடத்திலேயே நிற்கிறோம். அப்படியே ஏஜென்டுக்கு அனுப்பிவிட்டேன், பேச்சு ஜனவரி 6-ம் தேதி.

மகள் அந்த எக்செல்லுக்குத் தமிழில் தலைப்புப் போட்டு வைத்திருக்கிறாள், மஞ்சள் கட்டத்தில் என்ன போட வேண்டும் என்று பக்கத்திலேயே எழுதியிருக்கிறாள். வேண்டியவர்கள் கேளுங்கள். இந்த வருஷ சிலிண்டர் பில்லையும் டீசல் பில்லையும் மட்டும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், 2026-க்கு ஒப்பிட அதுதான் இருக்கிறது.